எந்த டன், எந்த அவுன்ஸ்? கேட்டுவிட்டுப் பெருக்குங்கள்

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் டாக்குமெண்டேஷன் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் அது. அமெரிக்க பையருக்கு 400 பெட்டி பனியன், விமானத்தில் போகவேண்டிய அவசர ஆர்டர். பேக்கிங் பகுதியிலிருந்து வந்த சீட்டில் ஒரு பெட்டியின் கிராஸ் வெயிட் ‘26 பவுண்டு 10 அவுன்ஸ்’ என்று எழுதியிருந்தது. நான் எக்செல்லில் 26.10 என்று அடித்தேன். 400-ஆல் பெருக்கி, கிலோவுக்கு மாற்றி, 4,735.5 கிலோ என்று எல்லாத் தாள்களிலும் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் இரவு விமான நிலைய கோடவுனில் எடை போட்டபோது 4,830 கிலோவுக்கு மேல் காட்டியது. ஏறக்குறைய 95 கிலோ வித்தியாசம். தாளில் உள்ள எடையும் தராசில் உள்ள எடையும் ஒத்துப்போகாமல் சரக்கு நின்றது. அன்றைய விமானமும் போய்விட்டது. காலையில் எங்கள் சீனியர் அண்ணன் என் திரையைப் பார்த்தார். திட்டவில்லை. “தம்பி, அவுன்ஸு பதினாறுல ஒடையும், பத்துல ஒடையாது. பத்து அவுன்ஸ்னா புள்ளி பத்து ஆகுமா?” என்று மட்டும் கேட்டார்.

ஆகாது. 10 அவுன்ஸ் என்பது 16-ல் 10. அதாவது 0.625 பவுண்டு. பெட்டி 26.625 பவுண்டு, 400 பெட்டி 10,650 பவுண்டு, கிலோவில் 4,830.76. நான் விட்டது 210 பவுண்டு. இருபது வருடம் கழித்தும் அந்த எண்ணை மறக்கவில்லை. ஏற்றுமதி, நூல்மில், நகைக்கடை, அமெரிக்க சரக்குக் கட்டணக் கணக்கு, வெளிநாட்டில் நர்ஸ் வேலை என்று எந்த வழியில் நீங்கள் போனாலும் பவுண்டும் அவுன்ஸும் டன்னும் ஒரு நாள் உங்கள் மேசைக்கு வரும். அன்றைக்கு என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஏணியைத் தெரிந்துகொள்ளுங்கள். 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு. 14 பவுண்டு ஒரு ஸ்டோன். 2 ஸ்டோன், அதாவது 28 பவுண்டு, ஒரு குவார்ட்டர். 4 குவார்ட்டர் ஒரு ஹண்ட்ரட்வெயிட். பெயரில் நூறு இருந்தாலும் பிரிட்டிஷ் கணக்கில் அது 112 பவுண்டு. 20 ஹண்ட்ரட்வெயிட் ஒரு டன், 2,240 பவுண்டு. இலங்கைத் தமிழர்களுக்கு இதில் பாதி வீட்டுச் சொல்: பவுண்டுக்கு இறாத்தல், ஹண்ட்ரட்வெயிட்டுக்கு அந்தர். ஓர் அந்தர் 112 இறாத்தல், 50.8 கிலோ. பாண் இன்றும் இறாத்தல் கணக்கில்தான் வாங்குகிறார்கள்.

இந்த ஏணியில் எந்தப் படியும் பத்தாக இல்லை. அதனால்தான் புள்ளி வைத்து எழுதும்போது கை தவறுகிறது. ஆனால் பதினாறைக் கண்டு நம் ஊர்க்காரர் பயப்படவேண்டியதில்லை. ரூபாய்க்குப் பதினாறு அணா என்று எண்ணிய தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாம். தமிழ்ப் பின்ன வாய்பாடு அப்படியே அவுன்ஸுக்குப் பொருந்துகிறது. ஒரு அவுன்ஸ் மாகாணி பவுண்டு, இரண்டு அவுன்ஸ் அரைக்கால், நான்கு கால், எட்டு அரை, பன்னிரண்டு முக்கால். 10 அவுன்ஸ் என்றால் அரையும் அரைக்காலும்: 0.5 கூட்டல் 0.125. 11 அவுன்ஸ் என்றால் அதோடு ஒரு மாகாணி, 0.0625, சேர்த்து 0.6875. கால்குலேட்டரைத் தேடுவதற்குள் மனத்தில் விடை வந்துவிடும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது எங்கள் அலுவலகத்துக்குப் பழைய கணக்கு பார்க்க வந்த ஒரு பெரியவர். இன்றுவரை நான் கற்றதில் மிகவும் பயன்பட்ட பாடம் இதுதான்.

ஸ்டோனிலும் இதே பொறி உண்டு. பிரிட்டனில் ஆளின் எடையை ‘11 ஸ்டோன் 4’ என்பார்கள். அது 11.4 ஸ்டோன் ஆகாது. 11-ஐ 14-ஆல் பெருக்கி 4 கூட்டினால் 158 பவுண்டு, 71.7 கிலோ.

எல்லாவற்றையும் பவுண்டாக இறக்குங்கள்

கலவையாக ஓர் எடை வந்தால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் கிலோவுக்கு மாற்றாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் பவுண்டாக இறக்குங்கள். பிறகு ஒரே ஒரு முறை பெருக்குங்கள். கடைசியில் ஒரே ஒரு முறை முழுமையாக்குங்கள். பவுண்டுக்குக் கிலோ 0.45359237. இது தோராயம் இல்லை. 1959-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகளும் சேர்ந்து ஒப்புக்கொண்ட துல்லிய மதிப்பு. அதற்கு மேல் இலக்கம் கிடையாது.

ஒன்று செய்து பார்ப்போம். 3 டன் 7 ஹண்ட்ரட்வெயிட் 2 குவார்ட்டர் 15 பவுண்டு, பிரிட்டிஷ் கணக்கு. டன்னுக்கு 6,720. ஹண்ட்ரட்வெயிட்டுக்கு 784. குவார்ட்டருக்கு 56. மீதி 15. கூட்டினால் 7,575 பவுண்டு. 0.45359237-ஆல் பெருக்கினால் 3,435.96 கிலோ. முடிந்தது.

நடுவில் முழுமையாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு என் 400 பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டி 12.077 கிலோ. அதை 12 என்று வைத்துப் பெருக்கினால் 4,800. உண்மையைவிட 30 கிலோவுக்கு மேல் குறைவு. 12.1 என்று வைத்தால் 4,840. 9 கிலோ அதிகம். ஒரு பெட்டியில் கண்ணுக்குத் தெரியாத தப்பு நானூறு பெட்டியில் முப்பது கிலோவாக வளர்ந்துவிடும்.

மனக்கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. சரிபார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது. கிலோவைப் பவுண்டாக்க இரட்டித்து, வந்ததில் பத்தில் ஒன்றைக் கூட்டுங்கள்: 50 கிலோ, 100, அதோடு 10, ஆக 110. சரியான விடை 110.23. பவுண்டைக் கிலோவாக்கப் பாதியாக்கி, பத்தில் ஒன்றைக் கழியுங்கள்: 150 பவுண்டு, 75, கழித்தால் 67.5. சரியான விடை 68.04. வாயால் சொல்ல இது போதும்; தாளில் எழுதப் போதாது. 10,000 பவுண்டுக்கு இந்தக் குறுக்குவழி 36 கிலோவை விழுங்கிவிடும். அடையாளத்துக்கு விமானப் பெட்டி எடையை நினைவில் வையுங்கள். 23 கிலோ ஏறத்தாழ 50 பவுண்டு, 32 கிலோ ஏறத்தாழ 70. உங்கள் விடை இந்த விகிதத்துக்குப் பக்கத்திலேயே வரவில்லை என்றால் பெருக்கவேண்டிய இடத்தில் வகுத்திருக்கிறீர்கள்.

ஒரே பெயர், வேறு எடை

கணக்கு பழகிவிடும். ஆளைக் கவிழ்ப்பது பெயர்தான். மேலே செய்த அதே 3 டன் 7 ஹண்ட்ரட்வெயிட் 2 குவார்ட்டர் 15 பவுண்டை அமெரிக்கக் கணக்கில் போட்டுப் பாருங்கள். அங்கே ஹண்ட்ரட்வெயிட் உண்மையிலேயே 100 பவுண்டு, குவார்ட்டர் 25, டன் 2,000. கூட்டினால் 6,765 பவுண்டு, 3,068.55 கிலோ. ஒரே எழுத்து, ஒரே எண்; 367 கிலோ வித்தியாசம்.

ஆக, டன் மூன்று. பிரிட்டிஷ் லாங் டன் 1,016.05 கிலோ. அமெரிக்க ஷார்ட் டன் 907.18 கிலோ. நாம் பழகிய மெட்ரிக் டன் 1,000 கிலோ. பிரிட்டிஷ் டன்னும் மெட்ரிக் டன்னும் நூற்றுக்கு 1.6 அளவே விலகியிருப்பதால் அந்தத் தப்பு கண்ணில் படாமலே போகும். அதனாலேயே அதற்கு நான் அதிகம் பயப்படுகிறேன். அமெரிக்க டன்னில் தப்பு செய்தால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்.

சென்னையிலும் கோவையிலும் அமெரிக்க லாரிக் கட்டணங்களைச் சரிபார்க்கும் அலுவலகங்களில் வேலை செய்கிறவர்களுக்கு ஹண்ட்ரட்வெயிட் தினசரிச் சோறு. 1,850 பவுண்டு சரக்கு, ஹண்ட்ரட்வெயிட்டுக்கு 24 டாலர் என்றால் 18.5-ஐ 24-ஆல் பெருக்கி 444 டாலர். எங்கோ படித்த 112-ஐ இங்கே கொண்டுவந்தால் 396 டாலர் 43 சென்ட் வரும். ஒரே பில்லில் 47 டாலருக்கு மேல் ஓட்டை. எக்செல்லை நம்புகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். அதில் ‘கன்வெர்ட்’ ஃபார்முலாவுக்கு வெறுமனே ‘டன்’ என்று கொடுத்தால் 2,000 பவுண்டு அமெரிக்க டன்னையே எடுத்துக்கொள்ளும். வெறுமனே ‘சி.டபிள்யூ.டி.’ என்று கொடுத்தால் 100 பவுண்டு. பிரிட்டிஷ் அளவு வேண்டுமானால் ‘யு.கே.’ என்ற முன்னொட்டோடு தனியாகக் கேட்கவேண்டும். ஃபார்முலா உங்களிடம் எதையும் திருப்பிக் கேட்காது.

அவுன்ஸும் ஒன்றில்லை. சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம். தங்கம், வெள்ளிக்கு டிராய் அவுன்ஸ், 31.1035 கிராம். உலகச் சந்தையில் அவுன்ஸ் இவ்வளவு டாலர் என்று வரும் தங்க விலையை 28.35-ஆல் வகுத்தால் கிராம் விலை நூற்றுக்கு 9.7 கூடுதலாக வரும். நகைத் தொழிலில் அந்தத் தப்பை யாரும் மன்னிக்கமாட்டார்கள். பழைய பத்துத் தோலா தங்கக் கட்டி, 116.64 கிராம், டிராய் கணக்கில் சரியாக 3.75 அவுன்ஸ். நம் கடைகளில் சொல்லும் 8 கிராம் பவுன் வேறு வழியில் வந்தது. பிரிட்டிஷ் பவுன் நாணயத்தின் எடை 7.99 கிராம், அதை ஒட்டியே நம் 8 கிராம். எடைப் பவுண்டுக்கும் அதற்கும் பெயர் மட்டுமே உறவு. மருந்துக் கடை அவுன்ஸ் கிளாஸும் பால் புட்டியில் உள்ள அவுன்ஸ் கோடும் எடையே கிடையாது, கன அளவு, பிரிட்டனில் 28.4 மில்லி, அமெரிக்காவில் 29.6.

நூலும் பஞ்சும் துணியும்

திருப்பூர், கோவை, ராஜபாளையம் பக்கம் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியைத் தனியாகச் சொல்லவேண்டும். இந்தியா மெட்ரிக் எடைக்கு 1958 அக்டோபரில் மாறத் தொடங்கியது. ஆனால் பஞ்சும் நூலும் இன்னும் பவுண்டை விடவில்லை.

40-ஆம் நம்பர் நூல் என்கிறோமே, அந்த 40 எங்கிருந்து வருகிறது? 840 கஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு வருமோ, அதுதான் கவுண்ட். 40 கவுண்ட் நூல் ஒரு பவுண்டில் 33,600 கஜம் ஓடும். நம்பர் ஏற ஏற நூல் மெலிவதற்குக் காரணம் இதுவே: எடை அதே பவுண்டு, நீளம் அதிகம். இதைப் புரிந்துகொள்ளாமல் கவுண்ட் பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் டெக்ஸ் என்று மெட்ரிக் அளவில் பையர் கேட்டதும் திணறுவார்கள். 590.5-ஐக் கவுண்டால் வகுத்தால் டெக்ஸ். 40 கவுண்ட் 14.8 டெக்ஸ்.

பஞ்சு விலையில் வரும் கண்டி 355.62 கிலோ. செய்தித்தாளில் 356 கிலோ என்று போடுவார்கள். ஏன் இப்படி ஒரு விநோத எண் என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். விடை பவுண்டில் இருக்கிறது: 784 பவுண்டு, அதாவது பிரிட்டிஷ் கணக்கில் 7 ஹண்ட்ரட்வெயிட். நாம் மேலே போட்ட கணக்கில் வந்த அதே 784. இது தெரிந்தால் நியூயார்க் பஞ்சு விலையை நம் விலையோடு ஒப்பிடுவது ஒரு நிமிட வேலை. உதாரணத்துக்கு, பவுண்டு 70 சென்ட், டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.70-ஐ 784-ஆல் பெருக்கினால் கண்டிக்கு 548.80 டாலர், ரூபாயில் 46,648. இதைப் பர்ச்சேஸ் மீட்டிங்கில் தாளில் போட்டுக் காட்டுகிற இளைஞனை முதலாளி மறுநாளும் கூப்பிடுவார், நான் பார்த்திருக்கிறேன். பேல் என்று யாராவது சொன்னால் மட்டும் நிறுத்திக் கேளுங்கள். நம் பேல் 170 கிலோ, அமெரிக்கப் புள்ளிவிவரங்களில் வரும் பேல் 480 பவுண்டு, கிட்டத்தட்ட 218 கிலோ.

துணிக்கு நாம் ஜி.எஸ்.எம். என்போம், சதுர மீட்டருக்கு இத்தனை கிராம். அமெரிக்க பையர் அவுன்ஸ் என்பார், சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ். ஓர் அவுன்ஸுக்கு 33.9 ஜி.எஸ்.எம். அவர் 5.3 அவுன்ஸ் டி-ஷர்ட் கேட்டால் நமக்கு அது 180 ஜி.எஸ்.எம். 12 அவுன்ஸ் டெனிம் 407. இங்கேயும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: சதுர கஜத்துக்கா, ஓடும் கஜத்துக்கா? கம்பளி, சோபாத் துணி வகைகளில் துணியின் முழு அகலத்தோடு ஒரு கஜ நீளத்தை எடை போட்டுச் சொல்லும் வழக்கம் உண்டு. அகலம் தெரியாமல் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்யமுடியாது.

நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு

இது சின்னப் பகுதி. ஆனால் இதில்தான் உயிர் இருக்கிறது. பிரிட்டனில் பெற்றோர் குழந்தை ‘7 பவுண்டு 4 அவுன்ஸ்’ என்று சந்தோஷமாகச் சொல்வார்கள், 7.25 பவுண்டு, 3.29 கிலோ. அமெரிக்காவில் அம்மா “இவன் 33” என்பார். அது பவுண்டு, கிலோவில் 15. டாக்டர் கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாராசிட்டமால் எழுதியிருந்தால் 225 மில்லிகிராம் கொடுக்கவேண்டும். 33-ஐக் கிலோ என்று எடுத்துக்கொண்டால் 495. இரண்டு மடங்குக்கு மேல். வாயால் சொன்ன எடையை எழுதிக்கொள்ளாதீர்கள். தராசைக் கிலோவில் வைத்து நீங்களே எடை பார்த்து எழுதுங்கள்.

அனுபவசாலிகளுக்கு இந்தத் தப்பு வராது என்று நினைத்தால், 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்ததைப் படியுங்கள். ஏர் கனடாவின் புதிய போயிங் 767 மான்ட்ரியலிலிருந்து எட்மன்டனுக்குப் புறப்பட இருந்தது. எரிபொருளைக் கிலோவில் கணக்கிடும் விமானம் அது. அதுவரை எல்லோரும் பவுண்டில் பழகியவர்கள். எரிபொருள் அளவுமானி வேலை செய்யாததால் குச்சி விட்டு அளந்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. வழக்கமாகத் தாளில் வரும் 1.77-ஆல் பெருக்கி 13,597 என்று விடை கண்டார்கள். தேவை 22,300 கிலோ என்பதால் மீதிக்கு 4,916 லிட்டர் மட்டும் நிரப்பினார்கள். பெருக்கல் சரி, கழித்தல் சரி. ஆனால் 1.77 என்பது லிட்டருக்குப் பவுண்டு. கிலோவில் அது 0.8 தான். உண்மையில் நிரப்பவேண்டியது 20,000 லிட்டருக்கு மேல். 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த விமானத்தில் எரிபொருள் தீர்ந்து இரண்டு இன்ஜினும் நின்றன. கேப்டன் ராபர்ட் பியர்சனும் துணை விமானி மாரிஸ் குவின்டாலும் அதைக் காற்றில் சறுக்கவைத்து கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். 69 பேரும் பிழைத்தார்கள். அத்தனை பேர் பார்த்த அந்தத் தாளில், 1.77-க்குப் பக்கத்தில் இது பவுண்டா கிலோவா என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

எனவே வேலையில் சேர்ந்த முதல் வாரமே இரண்டு பழக்கங்களை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். எந்த எண்ணையும் அலகின் பெயர் இல்லாமல் எழுதாதீர்கள். எக்செல்லில் தலைப்பிலேயே ‘பவுண்டு’, ‘அவுன்ஸ்’ என்று இரண்டு தனிக் கட்டங்கள் வையுங்கள். 26-ம் 10-ம் தனித்தனிக் கட்டத்தில் இருந்திருந்தால் என்னால் 26.10 என்று அடித்திருக்கவே முடியாது. இரண்டாவது, டன், ஹண்ட்ரட்வெயிட், அவுன்ஸ், பேல் என்ற நான்கு சொல் எந்த மெயிலில் வந்தாலும், எத்தனை பவுண்டு, எத்தனை கிலோ என்று ஒரு வரி எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் சேர்த்துவையுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் இதைக் கேட்டால் அறிவு குறைவு என்று நினைப்பார்களோ என்று தயங்கவேண்டாம். நான் இன்று ஆட்களை வேலைக்கு எடுக்கும் இடத்தில் இருக்கிறேன். “எந்த டன் சார்?” என்று திருப்பிக் கேட்கிறவரைத்தான் எடுக்கிறேன்.

அடுத்த முறை கம்பெனி வாசலில் கன்டெய்னர் வந்து நின்றால் கதவுப் பக்கம் போய்ப் பாருங்கள். அதிகபட்ச மொத்த எடை என்ற இடத்தில் பல கன்டெய்னர்களில் 30,480 கிலோ என்றும் அதன் கீழே 67,200 பவுண்டு என்றும் எழுதியிருக்கும். அந்த 67,200-ஐ 2,240-ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 30 வரும். முப்பது பிரிட்டிஷ் டன்.